அழைப்புமணியில் அப்பா பெயர்

நேப்பிள்ஸில் வீடு கிடைத்த முதல் வாரமே, கீழ்வாசல் அழைப்புமணிப் பலகையில் குடும்பப் பெயரை எழுதி ஒட்டச் சொன்னார்கள். எனக்கு ஏது குடும்பப் பெயர்? பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் இருந்தது அப்பா பெயர், பிச்சைமுத்து. ஊரில் ஒற்றை இனிஷியலாக ஒடுங்கிக் கிடந்தவர் இங்கே முழுசாக எழுந்து எனக்கு முன்னால் நின்றுவிட்டார். இத்தாலிய வரி அடையாள எண்ணின் 16 இடங்களில் முதல் மூன்றும் அவர்தான்: பி, சி, ஹெச். இத்தாலியர்களுக்கு சி-யும் ஹெச்-சும் சேர்ந்தால் 'க'. அதனால் மருந்துக்கடை, தபால் நிலையம், எங்கே போனாலும் "சிஞ்ஞோர் பிக்காய்முத்து!" வீட்டில் அம்மா ஒருநாளும் வாயெடுத்துச் சொல்லாத பெயரை ஊரே கூவியது.

அதே பலகையில் மூன்று பொத்தான்களில் எஸ்போசிதோ. உறவுக்காரர்களா என்று மாடிவீட்டுப் பாட்டியிடம் கேட்டேன், அவரும் எஸ்போசிதோதான். சிரித்துவிட்டு, மறுநாள் ஃபோர்செல்லா பகுதிக்குக் கூட்டிப்போனார். அங்கே அனுன்சியாதா தேவாலயத்தை ஒட்டிய சுவரில் ஒரு திறப்பு. உள்ளே மரத்தாலான சுழல்பெட்டி. வளர்க்க வழியில்லாதவர்கள் குழந்தையை அதில் வைத்துத் திருப்பினால் குழந்தை உள்ளே போய்விடும், வைத்த கை யாருடையது என்று தெரியாது. உள்ளே இருந்தவர்கள் வந்த நேரம், சுற்றியிருந்த துணி என்று எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதுவார்கள். அப்பா பெயர் எழுத வேண்டிய இடத்துக்குத்தான் எதுவும் இருக்காது. 'வெளியே வைக்கப்பட்டது' என்று பொருள்படும் எக்ஸ்போசிதுஸ் என்ற லத்தீன் சொல்லிலிருந்து எஸ்போசிதோ. நெப்போலியனின் மைத்துனர் முரா நேப்பிள்ஸை ஆண்டபோது (1808-1815) இந்தப் பெயரை இனி வைக்கக்கூடாது என்று தடுத்தார். பெயரைக் கேட்டாலே பிறப்பு தெரிந்துவிடுகிறதே! சுழல்பெட்டியை 1875இல் மூடினார்கள். ஆனாலும் இன்றைக்கு இந்த ஊரில் அதிகம் பேருக்கு இருக்கும் குடும்பப் பெயர் இதுதான். ரோமில் இதே கதைக்கு ப்ரொயெத்தி, சிசிலியில் த்ரொவாத்தோ, அதாவது 'கண்டெடுத்தது'.

"உன் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்றார் பாட்டி.

அப்பாவுக்கு முன்னால் பிறந்த இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதையாவது எமன் கண்ணில் படாமல் காக்க, பிறந்ததும் குப்பைமேட்டில் கிடத்தி, பக்கத்து வீட்டு அம்மாள் எடுத்துவந்து பிச்சை போட்டதாகப் பெயர் பண்ணினார்களாம். அதனால் பிச்சை. என் அரைகுறை இத்தாலியனில் குப்பைமேடு வரை வந்து திணறினேன். பாட்டி புரிந்துகொண்டு சுவரின் திறப்பைக் காட்டினார். "சும்மா நடிப்புக்குத்தான்," என்றேன். "எங்களுடையது நடிப்பில்லை," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோ அழைப்பில் அம்மாவைப் பார்த்ததும் பாட்டி, "சிஞ்ஞோரா பிக்காய்முத்து!" என்று கையசைத்தார். அம்மாவுக்கு வெட்கம் தாங்கவில்லை. "என்னடா, உங்கப்பா பேர என்னமோ கறிகாய் மாதிரி சொல்றாங்க?"