ஆர் அடிச்சது?

"நல்லா இருக்கு அண்ணா. ஆர் அடிச்சது?"

பாண்டில் ட்ரம்ஸ் அடிக்கிறவன், நான் தம்பி என்று கூப்பிடுகிறவன். அவர்களுடைய பாட்டை நான் பதிந்து மிக்ஸ் செய்து போட்டுக் காட்டினேன். ஹெட்ஃபோனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு அவன் கேட்டது இவ்வளவுதான். கோபம் இல்லை. குத்திக் கதைக்கிற பிள்ளையும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான் என்று நினைக்கிறேன். "நீதான்டா, வேற ஆர்?" என்றேன். அவன் கேட்டதைவிட நான் சொன்ன அந்தப் பதில்தான் இன்னும் உறுத்துகிறது.

பொய் சொல்லவில்லை. அடித்தது அவன்தான். உப்புவெளி வீட்டின் பின்னறையில், சத்தம் மைக்கில் ஏறும் என்று ஃபானையும் நிறுத்திவிட்டு, மூன்று மணிநேரம் வியர்வை ஒழுக அடித்தான். என்னிடம் இருப்பது ஒரே நேரத்தில் நான்கு மைக் மட்டும் செருகக்கூடிய இன்டர்ஃபேஸ். காலால் அடிக்கிற பெரிய ட்ரம்மான கிக்குக்கு ஒன்று, கையால் அடிக்கிற ஸ்னேருக்கு ஒன்று, மேலே தொங்கவிடுகிற ஓவர்ஹெட் இரண்டு. ஓவர்ஹெட் இரண்டும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில் நிற்க வேண்டும் என்று சணல் கயிறு பிடித்து அளந்தேன். சத்தம் ஒரு மீட்டர் போக ஏறக்குறைய 3 மில்லிசெக்கன் எடுக்கும். தூரம் பிசகினால் அதே அடி இரண்டு மைக்குக்கும் வேறு வேறு நேரத்தில் போய்ச் சேர்ந்து, ஸ்னேர் சோர்ந்துபோய்க் கேட்கும். கயிற்றின் மற்ற நுனியை ஸ்னேரின் நடுவில் பெருவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தவன் அவன்தான்.

பாட்டின் வேகம் நிமிடத்துக்கு 180 தாளம். இரண்டு காலாலும் கிக்கை அடிக்கிற டபுள் பெடலில் பதினாறாம் அடிகள், தாளத்துக்கு நான்கு. அடிக்கும் அடிக்கும் நடுவில் 83 மில்லிசெக்கன்தான் இருக்கும். கிக்கின் கனத்த சத்தம் இருக்கிற 60 ஹெர்ட்ஸில் ஓர் அலை முடியவே 17 மில்லிசெக்கன் வேண்டும். ஐந்து அலை ஓடுவதற்குள் அடுத்த அடி விழுந்துவிடும். இப்படியான பாட்டில் கிக்கின் அந்தக் கனத்த கீழ்ச்சத்தத்தை அப்படியே விட்டால் எல்லாம் சேர்ந்து ஒரே இரைச்சலாகிவிடும். அதைக் குறைத்து, பெடலின் சுத்தியல் தோலில் படுகிற அந்த 'டக்'கை, 3, 4 கிலோஹெர்ட்ஸ் பக்கம், தூக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு டிஸ்டார்ஷன் கிட்டாருக்கு நடுவில் கால் காணாமல் போய்விடும். நான் எடுத்த கிக்கில் தூக்குவதற்கு அந்த 'டக்'கே இல்லை. முன்பே பதிந்து வைத்த வேறொரு கிக்கின் சத்தத்தை, சாம்பிளை, அவனுடைய அடிகளின் மேல் வைத்தேன். ஸ்னேர் மைக்கில் பக்கத்துத் தட்டான ஹை-ஹாட் நிறைய ஏறியிருந்தது. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கக் கம்ப்ரஸ் பண்ணப் பண்ண ஹாட்தான் முன்னுக்கு வந்தது. அதற்கும் சாம்பிள். புதிய ஸ்னேரோடு பழையது மோதக்கூடாது என்று ஓவர்ஹெட்டில் 500 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டினேன்.

இதுவரைக்கும் எனக்கு மனக்குறை இல்லை. இந்த வகை இசையில் பலரும் செய்கிற வேலைதான். அறையும் மைக்கும் தராததை வேறு எங்கிருந்து எடுப்பது?

அப்புறம்தான் கிரிட், எல்லா அடியையும் கணினியின் தாளக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்துவது. அவனுடைய இடது கால் பத்துப் பன்னிரண்டு மில்லிசெக்கன் பிந்தி விழும். நான்கு ட்ராக்கையும் சேர்த்து வெட்டி நேராக்கினேன். முடித்துவிட்டுக் கேட்டால் பேஸ் கிட்டார் பிழையாகக் கேட்டது. பேஸ் வாசித்த பிள்ளை தாளம் காட்டுகிற கிளிக்கைக் கேட்டு வாசிக்கவில்லை, இவனுடைய காலைக் கேட்டுத்தான் வாசித்திருக்கிறான். கால் பிந்திய இடத்திலெல்லாம் அவனும் கூடவே பிந்தியிருக்கிறான். அந்த இடத்தில் கையை எடுத்திருக்க வேண்டும். நான் பேஸையும் இழுத்து நேராக்கினேன்.

தம்பியின் அப்பா தவில்காரர். தவிலின் வலது பக்கமான வலந்தலையில் கூடு போட்ட விரல்கள் உருளும்போது எல்லாச் சொல்லும் ஒரே கனத்தில் விழாது. அதைக் கேட்டு வளர்ந்தவன் இவன். இரண்டாவது கோரஸுக்கு முன்னால் ஸ்னேரில் ஓர் உருட்டல் வைத்திருந்தான். முதல் அடிகள் தோலைத் தொட்டும் தொடாமலும், கடைசி மூன்றும் முழுக் கையோடும். மெல்லிய சத்தத்தை அடைத்துவிடுகிற என்னுடைய கேட் அந்த மெல்லிய அடிகளை விழுங்கிவிட்டது. மிஞ்சியவற்றின் மேல் ஒரே கனத்தில் சாம்பிள் விழுந்தது. கிட்டார் அலறுகிற இடத்தில் அதெல்லாம் எங்கே கேட்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். பாண்டில் மற்றவர்களுக்குக் கேட்கவும் இல்லை, எல்லோருக்கும் மிக்ஸ் பிடித்திருந்தது. தம்பி மட்டும் அந்த இடத்தை இரண்டு தரம் பின்னுக்கு ஓட்டிக் கேட்டான். அதற்குப் பிறகுதான் ஹெட்ஃபோனைக் கழற்றினான்.

கேட்டிருக்கலாம். "இந்த உருட்டல் உனக்கு முக்கியமோ?" என்று ஒரு வார்த்தை. வெட்டுவதற்கு முன்னால் பக்கத்தில் கூப்பிட்டு இருத்தியிருக்கலாம். ஆனால் ஒவ்வொரு வெட்டுக்கும் அடித்தவனிடம் கேட்டுக்கொண்டிருந்தால் எந்த மிக்ஸும் முடியாது. இதையும் நான் நம்புகிறேன். இரண்டையும் ஒன்றாக எப்படி நம்புவது என்று தெரியவில்லை.

அன்றிரவே இன்னொரு மிக்ஸ் செய்தேன். கிரிட் இல்லை. அவனுடைய ஸ்னேரை முன்னுக்குக் கொண்டுவந்து, சாம்பிளைக் கீழே மெல்லியதாக வைத்தேன். உருட்டலில் கேட்டை எடுத்துவிட்டேன். ஹாட் இரைகிறது. பாட்டு கொஞ்சம் தளர்கிறது, அந்த முரட்டுத்தனம் குறைகிறது. பாண்ட் வெளியிட்டது முதல் மிக்ஸைத்தான், அதுதான் பலமானது என்று கேட்டால் நானும் சொல்வேன். ஆனாலும் இரவில் தனியாக இருக்கும்போது நான் போட்டுக் கேட்பது இரண்டாவதை.

அடுத்த பாட்டுக்குச் சனிக்கிழமை வருகிறான். ஸ்னேரைத் தானே இறுக்கிச் சுருதி பிடித்துக் கொண்டுவருவதாகச் சொன்னான். சரி என்றேன். இரண்டாவது மிக்ஸைப் பற்றி அவனிடம் இன்னும் சொல்லவில்லை.