தடிப்பு கண்ட தேதி என்ன?

கர்ப்பிணிக்கு வந்தால் வயிற்றுக் குழந்தையைப் பாதிக்கும் தடிப்பு நோய் ரூபெல்லா. அதன் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் கைக்கு வந்ததும் பாசிட்டிவா நெகட்டிவா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். கர்ப்பிணிகளைப் பார்த்துப் பழகியவர்கள் முதலில் கேட்பது மூன்று தேதிகளை: கடைசியாகத் தீட்டு வந்த நாள், தடிப்பு கண்ட நாள், ரத்தம் எடுத்த நாள். இதில் ஒன்று இல்லையென்றாலும் அந்த ரிப்போர்ட்டை வைத்து உறுதியாகச் சொல்வது கஷ்டம்.

ராமேஸ்வரம், பாம்பன் பக்கம் தேதி கேட்டால் தேதியாக வராது. "தடைக்காலம் முடிஞ்சு போட்டு (படகு) போன மறுநாள்" என்பார்கள். ஜூன் 14 நள்ளிரவோடு மீன்பிடித் தடை முடிகிறது, ஆக ஜூன் 16-ஐ ஒட்டி என்று குறித்துக்கொள்ளலாம். கர்ப்பிணி அட்டையில் யாரோ குத்துமதிப்பாக எழுதிய தேதியைவிட இது நம்பகமானது. கூடவே முதல் மூன்று மாத ஸ்கேன் இருந்தால் கர்ப்ப வாரக் கணக்கில் பெரிய சந்தேகம் இருக்காது. முதல் 12 வாரத்துக்குள் தொற்றினால் பத்தில் ஒன்பது குழந்தை வரை பாதிக்கப்படலாம்; 20 வாரம் தாண்டினால் அபூர்வம். கணக்கில் நாலு வாரம் பிசகினால் அந்தக் குடும்பத்துக்குச் சொல்லும் பதிலே மாறிவிடும்.

தடிப்பு என்றால் இங்கே எல்லாமே அம்மைதான். ரூபெல்லாவில் முகத்தில் தொடங்கி மூன்று நாளில் மறைந்துவிடும். காதுக்குப் பின்னும் பிடரியிலும் நெறி கட்டும், பெரியவர்களுக்கு விரல் மூட்டு வலிக்கும். பாதிப் பேர் வரைக்கும் ஒரு அறிகுறியும் இருக்காது. அம்மை போட்டால் வேப்பிலை கட்டி, ஊசி குத்தக் கூடாது என்று வீட்டில் வைத்துக்கொள்வார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரி. இதற்காக அவர்களைத் திட்டுவது வீண். புதுத் தொற்றில் உருவாகும் எதிர்பொருளைத் தேடும் ஐஜிஎம் பரிசோதனைக்கு அந்தத் தாமதம் ஒருவகையில் நல்லது. தடிப்பு கண்ட முதல் நாள் எடுத்த ரத்தம் நெகட்டிவாக வரலாம், ஐந்து நாள் கழித்து எடுத்தால் பிடிபடும். வைரஸையே தேடுவதற்குத் தொண்டைச் சளி எடுக்கும் வாய்ப்புதான் போய்விடுகிறது.

பெரிய குழப்பம் 'டார்ச் புரொஃபைல்', அதாவது கருவைப் பாதிக்கும் சில தொற்றுகளுக்கு மொத்தமாக எடுக்கும் ரத்தப் பரிசோதனை. தடிப்பு இல்லை, நோயாளியோடு தொடர்பு இல்லை, ஆனாலும் எழுதிக்கொடுத்துவிடுகிறார்கள். ஐஜிஜி (நெடுநாள் நிலைக்கும் எதிர்பொருள்) பாசிட்டிவ் என்பதைப் பார்த்து அழுதுகொண்டு வருவார்கள். தடிப்போ தொடர்போ இல்லாதவருக்கு அது பழைய எதிர்ப்புச் சக்தி. சந்தோஷப்பட வேண்டிய செய்தி. ஐஜிஎம் பாசிட்டிவை ஒரே தடவையில் நம்பவும் கூடாது. பார்வோ வைரஸ், ருமட்டாய்டு ஃபேக்டர் (மூட்டுவாதத்தில் காணப்படும் எதிர்பொருள்) போன்றவை பொய்யாகக் காட்டும். முதல் சீரத்தை (ரத்தம் உறைந்த பின் பிரியும் நீரை) எடுத்து வைத்து, 2–3 வாரம் கழித்து மறுபடி எடுத்து, இரண்டையும் ஒரே லேபில் ஒரே ஓட்டத்தில் போட வேண்டும். ஒன்று ராமநாதபுரத்தில், ஒன்று மதுரையில் என்றால் கிட் வேறு, எண்ணும் வேறு, ஒப்பிட முடியாது. கூடவே அவிடிட்டி, அதாவது ஐஜிஜி வைரஸை எவ்வளவு இறுகப் பற்றுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். முதல் 12 வாரத்துக்குள் எடுத்த ரத்தத்தில் அது அதிகம் என்றால் தொற்று பெரும்பாலும் கர்ப்பத்துக்கு முந்தியது.

ரத்தம் 3–5 மில்லி, பிளைன் டியூபில் (உறையாமல் தடுக்கும் மருந்து இல்லாத குழாயில்). அரை மணி நேரம் உறைய விட்டு, சுழற்றி, சீரத்தைப் பிரித்த பிறகே ஐஸ் பெட்டி. வெயிலுக்குப் பயந்து முழு ரத்தத்தை நேரே ஐஸ் மேல் வைத்தால் சிவப்பணு உடைந்து சீரம் சிவந்துவிடும், லேபில் திருப்பி அனுப்புவார்கள்.

பிறந்த தேதியும் கேட்க வேண்டும். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கிய எம்ஆர் (தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி) முகாம் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு. 2002-க்கு முன் பிறந்தவர்கள் அதில் வரவில்லை. அவர்களில் பலருக்கு இயற்கையாக வந்து போயிருந்தால்தான் எதிர்ப்புச் சக்தி உண்டு. ஐஜிஜி நெகட்டிவ் என்றாலும் கர்ப்பத்தில் தடுப்பூசி கிடையாது, அதில் இருப்பது உயிருள்ள, வலுக்குறைத்த வைரஸ். பிரசவம் முடிந்து வீட்டுக்குப் போகுமுன் போடலாம், தாய்ப்பால் தடையில்லை, ஒரு மாதம் கரு தரிக்கக் கூடாது. தெரியாமல் கர்ப்பத்தில் போட்டுவிட்டாலும் அதற்காகக் கலைக்க வேண்டியதில்லை. அரசு அட்டவணையில் எம்ஆர் குழந்தைகளுக்குத்தான் என்பதால், தாய்க்கு எங்கே போடுவது என்று டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதாவிட்டால் அது அப்படியே விட்டுப்போகும்.

இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. வயிற்றிலேயே தொற்றிய குழந்தை ஒரு வயது வரைக்கும்கூடச் சளியிலும் சிறுநீரிலும் வைரஸை வெளிவிடும். கண்ணில் வெள்ளை விழுந்த அந்தக் குழந்தையும், இரண்டு மாதக் கர்ப்பிணியும் சுகாதார நிலையத்தில் ஒரே பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.