படத்தின் ஓரத்தில் நிற்பவர்களைப் பற்றிக் கேளுங்கள்

பழைய படத்தைப் பெரியவர் ஒருவர் கையில் கொடுத்து "இது யாரு?" என்று கேட்டால் பெயர் வரும். அதோடு பேச்சு நின்றுவிடும். "இந்தப் படம் எடுக்கிறப்ப நீங்க எங்க இருந்தீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். நாங்கள் சேர்த்து வைத்திருக்கும் ஊர்க்கதைகளில் பாதி இந்தக் கேள்விக்கு வந்த பதில்கள்தான்.

ஒரு பாட்டியிடம் பள்ளிக்கூடக் குழுப் படம் ஒன்றைக் காட்டினோம். நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களை அவர் கண்டுகொள்ளவே இல்லை. விரல் நேராக இடது ஓரத்துக்குப் போனது. கதவை ஒட்டி, பாதி உடம்பு வெட்டுப்பட்டு, கையில் துடைப்பத்தோடு ஒரு பெண். "பள்ளிக்கூடம் கூட்டுறவங்க. எழுதப் படிக்கத் தெரியாது. ஆனா எந்தப் பிள்ளை சாப்பிடாம வந்திருக்குன்னு அவங்களுக்குத்தான் முதல்ல தெரியும்" என்றார். அப்புறம் அரை மணி நேரம் அந்த அம்மாவைப் பற்றித்தான் பேச்சு. பள்ளிக்கூடப் பதிவேடு எதிலும் இது கிடைக்காது.

1948-இல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் ஆலன் நெவின்ஸ் வாய்மொழி வரலாற்றுப் பணியை, அதாவது நினைவுகளைக் கேட்டுப் பதிந்துவைக்கும் வேலையை, தொடங்கியபோது பொதுவாழ்வில் பெயர் பெற்றவர்களைத்தான் உட்காரவைத்துக் கேட்டார். முதல் நேர்காணலில் ஒலிப்பதிவுக் கருவிகூட இல்லை. ஒரு மாணவர் கையால் குறிப்பெடுத்தார். சிறிய ஊர்களில் யாரை முதலில் கேட்பது என்ற வரிசையை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பேன். பெரிய மனிதர்களுக்குக் கல்வெட்டாவது இருக்கும்.

வேலைமுறை எளிதுதான். ஒவ்வொரு படத்துக்கும் ஓர் எண். பின்பக்க ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதுகிறோம். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம்வரை தடம் பதித்துவிடும். படத்தைக் கையில் கொடுக்கும்போது அந்த எண்ணைச் சத்தமாகச் சொல்லிவிடுவோம், ஒலிப்பதிவிலும் விழுந்துவிடும். இது இல்லையென்றால் பத்து வருடம் கழித்து "இந்தா, இவர்தான்" என்ற குரல் மட்டும் இருக்கும், எந்தப் படத்தில் யாரைக் காட்டினார் என்று தெரியாது. ஸ்கேன் 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளிகள்), இரண்டு பக்கமும். ஸ்டுடியோ முத்திரை, தேதி எல்லாம் பின்பக்கத்தில்தான் இருக்கும். ஒலியை எம்பி3-ஆக வேண்டாம், அது அளவைக் குறைப்பதற்காக ஒலியின் ஒரு பகுதியைக் கழித்துவிடும்; எதையும் கழிக்காத வேவ் (WAV) கோப்பாக வையுங்கள். மூன்று பிரதிகள், அதில் ஒன்று வேறு வீட்டில்.

பசைத் தாளும் பிளாஸ்டிக் உறையும் வைத்த ஆல்பத்திலிருந்து படத்தை உரிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். பக்கத்தை அப்படியே படமெடுங்கள். கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தையும் கண்ணாடியோடு சேர்த்தே எடுங்கள்.

சம்மதத்தை ஒலிப்பதிவின் தொடக்கத்திலேயே கேட்டுவிடுகிறோம். "இதை நான் இருக்கிற வரைக்கும் யாருக்கும் போட்டுக் காட்டாதே" என்று ஒருவர் சொன்னால், அந்தப் பகுதி தனிக் கோப்பாக மூடப்படும். அதில் பேரமே கிடையாது. ஒரே படத்துக்கு இரண்டு பேர் வேறு வேறு கதை சொன்னால் இரண்டும் அவரவர் குரலில் அந்த எண்ணின் கீழேயே இருக்கும்.