பச்சைத் தண்ணீர் சவரம்: ஐஸ் கட்டியிலிருந்து மின்விசிறி வரை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் விடியற்காலை ஐந்தரை மணிக்குக்கூட எங்கள் வீட்டுத் தொட்டித் தண்ணீர் 26 டிகிரி. சமையலுக்கு வைத்திருந்த வெப்பமானியை முக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன் (அதைத் திரும்ப அடுப்படியில் வைக்கக் கூடாது என்று வீட்டில் உத்தரவு). குளிர்ந்த தண்ணீரில் சவரம் செய்தால் எரிச்சல் குறையும் என்று சொல்பவர்களில் பாதிப் பேர் குளிர்நாட்டுக்காரர்கள். குழாயைத் திறந்தாலே அவர்களுக்கு விரல் விறைக்கும். நமக்குக் குழாயில் வருவது பச்சைத் தண்ணீர், அவ்வளவுதான். குளிர் வேண்டுமென்றால் ஐஸ் பெட்டியைத் திறக்க வேண்டும்.

எனக்கு வேலை செம்பனை எண்ணெய் ஆலையில். தலைக்கவசத்தின் வார் தாடைக்குக் கீழே நாள் முழுக்க உரசும். சவரம் செய்த அன்று அந்த இடம் மிளகாய் பட்ட மாதிரி காந்தும். தொல்லை ஒன்றல்ல, இரண்டு. சவரம் முடிந்த கையோடு கன்னமும் கழுத்தும் சிவந்து எரிவது ஒன்று. இரண்டு நாள் கழித்துக் குரல்வளைக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கொப்புளமாகக் கிளம்புவது இன்னொன்று. கிள்ளிப் பார்த்தால் உள்ளே முடி சுருண்டு கிடக்கும். இரண்டையும் ஒன்றாகவே நினைத்து மருந்து தேடுகிறவர்கள் அதிகம். தனித்தனியாகக் கவனித்தால்தான் எதற்கு எது உதவுகிறது என்று பிடிபடும்.

முதலில் சுடுதண்ணீரின் நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். தாடி முடி தண்ணீரை உறிஞ்சினால் உப்பி மென்மையாகும், பிளேடு இழுக்காமல் அறுக்கும். சூடு இருந்தால் இந்த ஊறல் சீக்கிரம் நடக்கும். முடிதிருத்தும் கடையில் சூடான துண்டைப் போர்த்துவது அதற்காகத்தான். ஆனால் நம் ஊர்க் குளியலறையில் ஹீட்டரைத் திறந்து முகம் கழுவினால், நுரை போட்டு முடிப்பதற்குள் நெற்றியில் வியர்வை அரும்புகிறது. சவரம் முடிந்ததும் அந்த உப்பு வழிந்து, இப்போதுதான் சுரண்டிய தோலில் இறங்குகிறது. சட்டை போடுவதற்குள் கழுத்து செக்கச் சிவந்துவிடும்.

அப்பாவிடம் கேட்டேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில் இருட்டோடு எழுந்து தெருக்குழாயில் சவரம் செய்துவிட்டு ஓடியவர் அவர். "பெரட்டுக்கு நேரமாச்சுன்னா எவன்டா சுடுதண்ணி வெச்சிக்கிட்டு உக்காந்திருப்பான்?" என்றார் (பெரட்டு என்றால் தோட்டத்தில் விடியற்காலையில் ஆள் கணக்கெடுப்பது). கழுத்தில் கொப்புளம் வந்ததாக அவருக்கு நினைவே இல்லை. இந்தப் பதிலை மனத்தில் வைத்துக்கொண்டேன், பின்னால் உதவியது.

ஐஸ் சோதனை இப்படி. பேசினில் பச்சைத் தண்ணீர், அதில் ஒரு தட்டு ஐஸ் கட்டி. வெப்பமானி 15-ஐத் தொட்டதும் முகத்தை நன்றாக நனைத்துக்கொள்வேன். பிரஷ்ஷும் சவர சோப்பும்தான், டப்பா நுரை கிடையாது. குளிர்ந்த தண்ணீரில் சோப்பு சண்டித்தனம் பண்ணும். வழக்கத்தைவிட அதிகமாகச் சுழற்ற வேண்டும், தண்ணீரையும் சொட்டுச் சொட்டாகத்தான் சேர்க்க வேண்டும். அவசரப்பட்டால் மேலே குமிழியும் கீழே வழவழப்பு இல்லாத வெறும் தண்ணீரும்தான் மிஞ்சும். பொறுமையாகச் செய்தால் தயிர்ப் பதத்தில் ஒரு நுரை வரும். வெக்கையில் சீக்கிரம் காய்ந்துபோகிற சுடுதண்ணீர் நுரையைவிட அது அதிக நேரம் நிற்கிறது. அதை முகத்தில் போட்டு மூன்று நிமிடமாவது ஊறவிடுவேன். சூடு சீக்கிரம் செய்கிற வேலையை இங்கே நேரம்தான் செய்ய வேண்டும். ஊறாமல் பிளேடு வைத்தால் மீசைக்குக் கீழே முடி பிடுங்கப்படுவது கண்ணில் தண்ணீர் வரவைக்கும்.

சிவப்பு குறைந்தது, சந்தேகமில்லை. குளிரில் தோலுக்கடியில் இருக்கும் சின்ன இரத்தக் குழாய்கள் சுருங்கும், அதனால் முகம் வெளுத்துக் கிடக்கும். லேசாகக் கீறினாலும் இரத்தம் உடனே நிற்கிறது. கடைசியில் படிகாரக் கல்லை நனைத்துத் தேய்ப்பேன். அது எங்கே சுருக்கென்று கடிக்கிறதோ, அங்கே பிளேடு தோலைச் சுரண்டியிருக்கிறது என்று அர்த்தம். கன்னத்தில் ஒன்றும் இல்லை. தாடைக்குக் கீழே மட்டும் கடித்தது.

நடுவில் ஒரு குழப்பம். என்னிடம் இருந்த கிரீமில் மெந்தால் உண்டு. மெந்தால் தோலைக் குளிர வைப்பதில்லை, குளிரை உணரும் நரம்பைத் தட்டிவிட்டு ஏமாற்றுகிறது. 2021-இல் மருத்துவ நோபல் பரிசு வாங்கிய டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் படபூடியன் இருவருமே அந்தக் குளிர் உணரியைத் தனித்தனியாகக் கண்டுபிடிக்க இந்த மெந்தாலைத்தான் பயன்படுத்தினார்கள். ஆகவே சோதனை முடியும்வரை அந்தக் கிரீமை ஓரங்கட்டினேன். ஐஸ் செய்ததா மெந்தால் செய்ததா என்று தெரியாமல் எழுதுவதில் பொருளில்லை.

பிறகு குடும்பத்தோடு கேமரன் மலைக்குப் போனோம். தானா ராத்தாவில் தங்கிய இடத்தில் ஹீட்டரைத் தொடாமல் குழாய்த் தண்ணீரிலேயே சவரம் செய்தேன். வெப்பமானியைக் கொண்டுபோகவில்லை, ஆனால் கையில் பட்ட குளிர் வீட்டு ஐஸ் பேசினுக்குக் கிட்டத்தட்ட வந்தது. முகம் அப்படி ஓர் அமைதி! சந்தோஷப்பட்டுக்கொண்டே, மறுநாள் வேண்டுமென்றே சுடுதண்ணீரில் செய்து பார்த்தேன். அன்றும் பெரிய எரிச்சல் இல்லை. மலையில் யாருக்கு வியர்க்கிறது?

அங்கேதான் விஷயம் திரும்பியது. ஊருக்கு வந்ததும் ஐஸைத் தள்ளிவைத்துவிட்டு, சாதாரணத் தொட்டித் தண்ணீர், குளியலறைக்கு வெளியே கண்ணாடி, பக்கத்தில் நின்றால் முகத்தில் காற்று படும்படி மின்விசிறி என்று மாற்றினேன். சிவப்பைப் பொறுத்தவரை ஐஸுக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை. என் முகத்தைப் பொறுத்தவரை, எரிச்சலில் பாதிக்கு மேல் வியர்வையின் கைங்கரியம். தண்ணீர் 15 டிகிரியா 26 டிகிரியா என்பது அதற்குப் பிறகுதான். ஐஸ் தண்ணீரை இப்போது முடிந்தபின் முகம் கழுவ மட்டும் வைத்துக்கொள்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சொகுசுக்கு.

கழுத்துக் கொப்புளம்? குளிர்ந்த தண்ணீரால் அது ஒரு முடியளவும் அசையவில்லை. ஐஸ், மலைக்குழாய், தொட்டி, எதற்கும் மசியவில்லை. அப்பாவின் பேச்சு அப்போதுதான் உறைத்தது. அவர் தெருக்குழாய்த் தண்ணீர் ஒன்றும் மருந்தில்லை. ஒற்றைப் பிளேடு, ஒருநாள் விட்டு ஒருநாள், மேலிருந்து கீழே மட்டும், எதிர் சவரமே கிடையாது. நான் வைத்திருந்தது ஐந்து பிளேடு அடுக்கிய ரேஸர். முன்னால் போகிற பிளேடு முடியைப் பற்றி இழுக்க, பின்னால் வருவது அடியில் அறுக்கிறது. அறுந்த முனை தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடும். சுருட்டை முடி அங்கிருந்து நேராக வெளியே வராமல் பக்கவாட்டில் குத்திக்கொள்கிறது. தோலை இழுத்துப் பிடித்துச் சிரைத்தாலும் இதே கதைதான்.

அதனால் கிங் கேம்ப் ஜில்லெட் 1904-இல் காப்புரிமை வாங்கிய அந்தப் பழைய இரட்டை முனை ரேஸர் பாணிக்கே போனேன். பிளேடு ஜப்பான்காரரின் ஃபெதர். கூர்மையில் பொல்லாதது, அழுத்தாமல் ரேஸரின் எடையிலேயே விட வேண்டும். என் கழுத்தில் முடி இடப்பக்கம் கீழ்நோக்கியும் வலப்பக்கம் காதை நோக்கியும் வளர்கிறது என்பதை, இரண்டு நாள் தாடியில் விரலைத் தேய்த்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அந்தப் போக்கிலேயே போகிறேன். கையால் தடவினால் சொரசொரப்பு இருக்கிறது, இருக்கட்டும். புதிய கொப்புளம் வருவது வெகுவாகக் குறைந்துவிட்டது. இடப்பக்கம் அநேகமாக இல்லை, வலப்பக்கம் வார் உரசும் கோட்டில் மட்டும் இன்னும் ஒன்றிரண்டு எட்டிப்பார்க்கின்றன.

அடுத்ததாக அந்த வாருக்குப் பருத்தித் துணியில் ஓர் உறை தைத்துப் போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். ஆலையில் பாதுகாப்பு அதிகாரி சரி என்று சொல்ல வேண்டும்.