அகதிகள் நேசித்த மலை

லீவில் கொழும்புக்கு வந்தால் வெள்ளவத்தையில் எல்லாரும் கேட்பது வேலை, வீடு, குளிர் பற்றித்தான். இந்த முறை மலையைப் பற்றிக் கேட்டார்கள். நான் வேலை செய்யும் அவுஸ்திரேலியாவின் தாஸ்மேனியாத் தீவில், ஒபரோன் ஏரிக்கரையில் எடுத்த படங்களை அம்மா குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார். பெரிய மாமி விடவில்லை. “ஏன் பிள்ளை, காசும் செலவழிச்சு, முதுகிலயும் சுமந்துகொண்டு போய் மழைக்குள்ள படுக்க வேணுமே?” என்றார். வந்து போகிற ஆட்களுக்கு நடுவே மாமிக்கு முழுதாகச் சொல்ல முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எங்களுக்கு மலையேற்றம் என்றால் சிவனொளிபாத மலைதான். நல்லதண்ணியில் பஸ்ஸால் இறங்கி, இரவு முழுக்க விளக்கு வெளிச்சத்தில் படியேற வேண்டும். வழியெல்லாம் தேத்தண்ணிக் கடை, முன்னும் பின்னும் சனம். களைத்து உட்கார்ந்த கிழவியைத் தெரியாத பிள்ளைகள் கை கொடுத்து ஏற்றிவிடுவார்கள். அந்த மலை 2,243 மீற்றர். தாஸ்மேனியாவின் தென்மேற்கில் இருக்கும் மேற்கு ஆர்தர் மலைத்தொடர் ஏறத்தாழ அதில் பாதி உயரம்தான். ஆனால் அங்கே படி இல்லை, கடை இல்லை. பெரும்பாலான இடங்களில் கைபேசியும் வேலை செய்யாது. கூடாரம், அடுப்பு, சாப்பாடு எல்லாம் நம் முதுகில். விறகு மூட்டித் தீ வளர்க்கவும் அனுமதி இல்லை.

தாஸ்மேனியாவின் தலைநகர் ஹோபார்ட்டில் என் முதல் குளிர்காலம் கடினமாகவே போனது. தமிழ்ச் சனம் நிறைய இருப்பது மெல்பேர்னிலும் சிட்னியிலும்தான். “அங்க ஏன் தனிய கிடக்கிறாய், மெல்பேர்னுக்கு வா” என்று சித்தப்பா போன் பண்ணும்போதெல்லாம் சொல்வார். போய்விடத்தான் இருந்தேன். வேலையிடத்தில் மூத்த ஒரு அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் நகரத்துக்கு மேலே இருக்கும் வெலிங்டன் மலைக்குக் கூட்டிப் போகத் தொடங்கினார். பாரம் தூக்கவும், காற்றின் திசை மாறினால் என்ன வரும் என்று பார்க்கவும் அங்கேதான் பழகினேன். அப்புறம் ஒரு கோடையில், “ஒபரோன் வரைக்கும் போய்த் திரும்புவோமா?” என்றார்.

மலைத்தொடரை முழுக்கக் கடக்க ஒன்பது, பத்து நாளாவது வேண்டும். புதியவர்கள் பலரும் ஒபரோன் ஏரியைத் தொட்டுத் திரும்பிவிடுவார்கள். ஹோபார்ட்டிலிருந்து மூன்று மணித்தியாலம் போல ஓடினால் ஸ்கொட்ஸ் பீக் அணைக்கட்டுப் பக்கம் பாதை தொடங்குகிறது. முதல் நாள் முழுக்கப் புல்வெளி, சேறு. சப்பாத்து முழங்கால் வரை புதைந்து உறிஞ்சப்படும் இடங்களும் உண்டு. பிறகு அல்ஃபா மொரேன் என்ற நெடிய மேடு. பனியுகத்தில் பனியாறு உருட்டிக்கொண்டு வந்து கொட்டிய கல்லும் மண்ணும் குவிந்தது அது. இன்று மலை உச்சிக்கு ஏறுவதற்கு அதுவே வழி. அதே பனிதான் மேலே பாறையைத் தோண்டி ஏரிகளை உண்டாக்கியது. மலைகளுக்கு நட்சத்திரங்கள், நட்சத்திரக் கூட்டங்களின் பெயர்களை வைத்திருக்கிறார்கள்: சிரியஸ், ஓரியன், பெகாசஸ். வெள்ளைப் படிகப் பாறைக்கு நடுவே ஏரித் தண்ணீர் கறுத்துக் கிடக்கிறது. கரையில் பண்டானிச் செடிகள், எங்கள் கடற்கரைத் தாழை மாதிரியே. அந்தக் குளிரில் தாழையைக் கண்டதும் நான் நின்றுவிட்டேன்.

மொரேன் ஏறும்போது திரும்பிப் பார்த்தால் பெரிய நீர்ப்பரப்பு தெரியும். அக்கா அதைக் காட்டி ஒரு கதை சொன்னார். மாமிக்கு நான் சொல்ல வந்தது இதுதான்.

அது பெடர் ஏரி. இளஞ்சிவப்பு மணற்கரை உள்ள பழைய சிறிய ஏரி ஒன்றை மின்சாரத் திட்டத்துக்காக 1972-இல் மூழ்கடித்ததால் உண்டானது. மூழ்குவதற்கு முன் அதைப் படமெடுத்து ஊருக்கெல்லாம் காட்டியவர் ஒலெகாஸ் ட்ருசானாஸ். லிதுவேனியாவிலிருந்து போருக்குப் பின் அகதியாக வந்தவர். 1967 காட்டுத்தீயில் வீடும் படங்களும் எரிந்தன. மறுபடியும் போய் எடுத்தார். 1972-இல் கோர்டன் ஆற்றில் மூழ்கி இறந்தார். அவர் கைபிடித்து வளர்ந்தவர் பீட்டர் டொம்ப்ரொவ்ஸ்கிஸ். லத்வியப் பெற்றோருக்கு 1945-இல் ஜெர்மனியில் பிறந்து, சிறுவனாகத் தாயோடு கப்பலில் வந்தவர். ஒபரோன் ஏரியை உலகம் அறிந்தது இவர் எடுத்த படத்தால். தாஸ்மேனியாவின் பிராங்க்ளின் ஆற்றில் அணை கட்டப் போனபோது மக்களை எழுப்பியதும் இவருடைய படம்தான். 1996-இல் இதே மலைத்தொடரில் படமெடுக்கப் போன இடத்தில் உயிர்விட்டார்.

பிராங்க்ளின் அணையை நிறுத்திய தீர்ப்பு வந்தது 1983 ஆடி (யூலை) முதலாம் திகதி. அதே ஆடியின் கடைசிக் கிழமையில், கொழும்பு இனக்கலவரத்தில், அப்பப்பாவின் வெள்ளவத்தை வீடு எரிந்தது. இரத்மலானை முகாமில் இருந்து, காங்கேசன்துறைக்குக் கப்பலேறிப் போன கதையைக் கேட்டுத்தான் நான் வளர்ந்தேன். வீட்டைப் பறிகொடுத்தவன் புது மண்ணில் ஒதுங்கித்தான் வாழ வேண்டும், வாடகைக்கு இருப்பவன் போல, என்ற எண்ணம் எனக்குள் ஊறிக் கிடந்தது. இந்த இரண்டு பேரும் அப்படி வாழவில்லை. வந்த மண்ணை நடந்து நடந்து அறிந்தார்கள். அதற்கு ஒரு ஆபத்து வந்தபோது, அங்கேயே பிறந்தவர்களுக்கு முன்னால் நின்றார்கள். அந்த மேட்டில் நின்று இதைக் கேட்ட பிறகு மெல்பேர்னுக்குப் போகும் யோசனை எனக்கு வரவில்லை.

ஒபரோனுக்கு இறங்கும் சரிவு பயமானது. வேரையும் பாறையையும் பிடித்துத்தான் இறங்க வேண்டும். அன்றிரவு தெற்குச் சமுத்திரக் காற்று கூடாரத்தைப் போட்டு அடித்தது. மறுநாளும் வெளியே போக முடியவில்லை. கோடையிலும் அங்கே பனி விழும். அக்காவுக்குச் சமபோஷ என்ற எங்கள் ஊர்ச் சத்துமாவைச் சீனியும் வெந்நீரும் விட்டுக் குழைத்து உருண்டை பிடித்துக் கொடுத்தேன். நல்ல சாப்பாடு அது: பாரமில்லை, சமைக்கத் தேவையில்லை, பசி தாங்கும். மாலையில் மேகம் கிழிந்து ஏரிக்கு மேலே வரிசையாக மலைமுனைகள் தெரிந்தபோது இரண்டு பேரும் நனைந்த சப்பாத்தோடு வெளியே ஓடினோம்.

மாமியின் மகன் மாசி மாதம் ஹோபார்ட்டுக்குப் படிக்க வருகிறான். ஒபரோனுக்கு முன்னால் வரும் சிக்னஸ் ஏரி வரைக்காவது கூட்டிப் போகச் சொல்லி இப்போதே கேட்கிறான். தம்பி, நாலாம் மாடிக்கு லிப்டில் போகாமல் பையைச் சுமந்துகொண்டு படியில் ஏறிப் பழகு. மழைக்கோட்டு அங்கேயே வாங்கலாம். சமபோஷ கொண்டுவந்தால் விமான நிலையப் படிவத்தில் மறைக்காமல் எழுது. சப்பாத்தின் அடியில் கொழும்பு மண் ஒட்டியிருந்தால் நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு வா. அந்தக் காட்டுச் செடிகளை வேரழுகல் நோய் ஒன்று கொல்கிறது, மண்ணோடுதான் பரவுகிறது. பாதை தொடங்கும் இடத்தில் இன்னொரு தடவையும் கழுவ வேண்டும்.