காற்று விழுகிற நேரம்

நேற்று ராத்திரி பதினொன்றரை வரை சாயாக்கடை வாசலில் நின்று கத்தியதில் தொண்டை கட்டிக்கொண்டது. நேற்று நடந்த ஃபுட்பால் மேட்சில் ஜெயித்தது நாங்கள், 2-1. சண்டை போட்டதும் நாங்களேதான். தோற்ற ஊர்க்காரர்கள் ஏழு மணிக்கே பைக்கை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டிப் போய்விட்டார்கள், அவர்களைப் பற்றிப் பேச ஒருத்தருக்கும் நேரமில்லை, யார் நன்றாக ஆடினான், யார் சொதப்பினான், யாரை எப்போதே வெளியே எடுத்திருக்க வேண்டும் என்று எங்கள் பிள்ளைகளையே நாங்கள் உரித்துத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தோம். நான் சொன்னது ஒன்றுகூட எடுபடவில்லை. அந்தக் கூட்டத்தில் சத்தமாகப் பேசுகிறவன் பேச்சுதான் நிற்கும், எனக்குச் சத்தம் பத்தாது. அதனால் இங்கே எழுதுகிறேன். இங்கே யாரும் குறுக்கே பாய முடியாது.

ஊர்ப் பெயர்களைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் அக்கா வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது. இடம் மட்டும் சொல்கிறேன், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரம், தூத்தூர் கடற்கரை. இந்தக் கரையில் தமிழ்நாட்டின் கடைசி ஊர் நீரோடி, அதைத் தாண்டினால் பொழியூர், கேரளா. மணலில் கோடு ஒன்றும் கிடையாது. 1956 நவம்பர் 1-ல் நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், ஆனால் எங்கள் கோயில்கள் இன்றைக்கும் திருவனந்தபுரம் லத்தீன் உயர்மறைமாவட்டத்தில்தான் இருக்கின்றன. பெண் எடுப்பதும் கொடுப்பதும் இரண்டு பக்கமும் நடக்கும். நேற்று அவர்களுக்கு ரைட் பேக் ஆடினவன் எங்கள் கோலியின், அதாவது கோல்கீப்பரின், சித்தி மகன். இப்படிப்பட்ட இரண்டு ஊர் மோதுகிற மேட்சில் யார் ஜெயித்தாலும் ஒரு வருஷத்துக்குக் கல்யாண வீட்டில், எழவு வீட்டில் எல்லாம் அதே பேச்சுதான்.

இன்னொன்று, எங்கள் டீமை கோச் தேர்ந்தெடுப்பதில்லை, கடல்தான் தேர்ந்தெடுக்கிறது. பாதிப் பேர் ஆழ்கடல் போட்டுகளில் போகிறவர்கள். போனால் ஒரு மாதம், சில சமயம் நாற்பது நாள். ஈஸ்டருக்குப் போட்டுகள் கரைக்கு வரும், அந்த ஒன்றிரண்டு வாரத்தில்தான் நல்ல பதினொரு பேர் சேருவார்கள். பின்னால் நடுவில் நின்று தடுக்கிற எங்கள் ஸ்டாப்பர் பேக் மேட்சுக்கு இரண்டு நாள் முன்னால்தான் இறங்கினான். தரையில் நடக்கும்போது இன்னும் கொஞ்சம் ஆடிக்கொண்டே நடந்தான். ஆனால் தலைக்கு வருகிற பந்தில் அவனை யாரும் அசைக்க முடியாது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

நாலே முக்காலுக்கு ஆட்டம். பாதிக்கு 35 நிமிஷம். டாஸ் நமக்கு விழுந்தது. எங்கள் மைதானத்தின் ஒரு கோல் கடல் பக்கம், இன்னொன்று ரோட்டுப் பக்கம். சாயங்காலம் கடலிலிருந்து காற்று நேராக மைதானத்துக்குள் அடிக்கும். கேப்டன் என்ன செய்தான், முதல் பாதியில் கடலைப் பார்த்து, அதாவது காற்றுக்கு எதிராக ஆடுகிறோம் என்றான். அவன் கணக்கு இதுதான்: முதல் பாதியை எப்படியாவது தாங்கிவிட்டால் அவர்கள் களைத்துப்போன இரண்டாம் பாதியில் காற்று நம் முதுகில் இருக்கும், அடித்து நொறுக்கலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. முதல் பாதியில் நடந்தது என்னவென்றால், எங்கள் கோலி அடித்த கோல் கிக் எதுவும் நடுக்கோட்டைத் தாண்டவில்லை, மேலே போய் நின்று, யோசித்து, எங்கள் பக்கமே வந்து விழுந்தது. அவர்களுடைய ரைட் விங்குக்குப் போட்ட ஒவ்வொரு நீளப் பந்தும் காற்றில் இன்னும் பத்தடி கூடுதலாக ஓடியது. எங்கள் லெஃப்ட் பேக் திரும்பிப் பார்ப்பதற்குள் அந்தப் பையன் கார்னர் கொடியில் நின்றான். பதினெட்டாவது நிமிஷமோ என்னமோ, கார்னர். இடது காலால் உள்நோக்கி வளைத்து அடித்தான். பந்து கோலுக்கு முன்னாலிருக்கிற ஆறு கஜப் பெட்டிக்கு மேலே வந்தபோது சாதாரணமாகத்தான் இருந்தது, கோலி ஒரு அடி முன்னால் வைத்தான், அங்கே காற்று பிடித்தது, பந்து அவன் விரலுக்கு மேலே தூரத்துப் போஸ்ட்டை உரசிக்கொண்டு உள்ளே. யாரும் தொடவில்லை.

என் பக்கத்தில் நின்ற அத்தான், அக்காவைக் கட்டின அந்த ஊர்க்காரர், துள்ளின துள்ளலைப் பார்க்க வேண்டுமே. அவர் அர்ஜென்டினா வெறியர். "இதுக்கு ஒலிம்பிக் கோல்னு பேரு, 1924-ல எங்க ஆளு ஒன்சாரி உருகுவேக்கு எதிரா அடிச்சது, தெரியுமா" என்று அங்கேயே பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார். உருகுவே அப்போது ஒலிம்பிக் சாம்பியன், அதனால் அந்தப் பெயர். எனக்கும் தெரியும். கோல் வாங்கின நிமிஷத்தில் சரித்திரம் கேட்கிற மனநிலையில் யார் இருப்பார்கள்?

இரண்டாம் பாதியில் நாங்கள் இரண்டு கோல் போட்டோம். ஜெயித்தோம். ராத்திரி சாயாக்கடையில் கேப்டனைத் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். "பாத்தியாலே, ரெண்டு கோலும் செகண்ட் ஹாஃப்லதான். அவன் பிளான் அப்படியே பலிச்சுதுல்லா."

இங்கேதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அந்த இரண்டு கோலையும் எடுத்துப் பாருங்கள். முதல் கோல் த்ரோவிலிருந்து வந்தது. எங்கள் ரைட் பேக் த்ரோ போட்டால் பெனால்டி பெட்டிக்குள் விழும், கையில் அவ்வளவு பலம், வலை இழுத்த கை. நேற்றும் அப்படித்தான் போட்டான். எங்கள் ஃபார்வேர்ட் அவர்களுடைய கடைசி ஆளுக்கும் பின்னால் தனியாக நின்றுகொண்டிருந்தான், மார்பில் வாங்கினான், அடித்தான், கோல். லைன்ஸ்மேன் கொடி தூக்கவில்லை, அந்தப் பக்கத்துக்காரர்கள் பாதிப் பேர் மைதானத்துக்குள் வந்துவிட்டார்கள். கூட ஆடுகிறவன் தட்டின பந்தை இப்படிக் கடைசி ஆளையும் தாண்டி நின்று வாங்கினால் ஆஃப்சைடு, கோல் செல்லாது, ஆனால் த்ரோவிலிருந்து நேராக வருகிற பந்துக்கு ஆஃப்சைடே கிடையாது, கோல் கிக்குக்கும் கார்னருக்கும் கிடையாது, சட்டம் அவ்வளவு தெளிவு. அத்தானிடம் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "அப்ப நடுவுல உங்க நெட்டையன் தலையில பட்டதே, அது?" என்றார். பட்டிருந்தால் ஆஃப்சைடுதான், அது வேறு கணக்கு. பட்டதா? இரண்டு போனில் வீடியோ இருக்கிறது. ஒன்றில் ஒருவர் குடை மறைக்கிறது. இன்னொன்றில் பந்துக்கும் தலைக்கும் நடுவில் ஒரு முடி இடைவெளி, அந்த முடியே அவனுடையதுதானா என்றுதான் தெரியவில்லை. நெட்டையனிடம் கேட்டால் சிரிக்கிறான்.

இரண்டாவது கோல் அவர்களே தட்டில் வைத்துக் கொடுத்தது. பந்தை நீளமாக உதைக்காமல், பின்னாலிருந்தே சின்னச் சின்னப் பாஸாகக் கட்டி ஆடுகிற ஆசை அவர்களுக்கு வந்திருக்கிறது. 2019-லிருந்து கோல் கிக் பெனால்டி பெட்டியை விட்டு வெளியே வர வேண்டியதில்லை, கோலி பெட்டிக்குள்ளேயே ஸ்டாப்பருக்குத் தட்டிவிடலாம், டிவியில் எல்லா டீமும் அதைத்தான் செய்கிறது. புல் தரையில் செய்யலாம். எங்கள் மைதானத்தில் கோலுக்கு முன்னால் மணல் கிளறிப் போய்க் கிடக்கும், தட்டிவிட்ட பந்து மூன்று அடி உருண்டு பூனை மாதிரி உட்கார்ந்துவிடும். நேற்று அப்படித்தான் உட்கார்ந்தது. மாற்று ஆளாக வந்த எங்கள் பையன் பெட்டிக்கு வெளியே காத்துக்கொண்டே நின்றான், கோலியின் கால் பட்டதும் பாய்ந்தான், ஸ்டாப்பர் போய்ச் சேர்வதற்குள் இவன் போய்விட்டான். ஊரே அவனைத் தோளில் தூக்கியது. தூக்கட்டும், தப்பில்லை, அந்த ஓட்டம் எல்லோருக்கும் வராது.

ஆனால் இதில் காற்று எங்கே வந்தது? த்ரோ கையால் போட்டது. இரண்டாவது கோல் மூன்று அடி உருண்ட பந்து. இரண்டாம் பாதியில் நான் ஈஸ்டருக்குக் கோயிலில் கட்டின தோரணத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், முதல் பாதியில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது, அஞ்சரைக்கு மேல் காயப்போட்ட துணி மாதிரி நேராகத் தொங்கியது. அவர்கள் முழுக் காற்றையும் வாங்கிக்கொண்டார்கள். நமக்கு மிச்சம் வைத்தது சும்மா.

இதைச் சொன்னேன். "ஜெயிச்சாச்சுல்லா, பின்ன என்னலே உனக்கு" என்றார் ஒரு அண்ணன். அவரிடம் எப்போதும் ஒரே உதாரணம்தான் இருக்கும், 2004 யூரோவில் கிரீஸ். காலிறுதி, அரையிறுதி, ஃபைனல், மூன்றும் 1-0, மூன்றும் தலையால் அடித்த கோல், அழகாக ஆடினார்களா என்று இன்றைக்கு யார் கேட்கிறான் என்பார். அண்ணே, கிரீஸ் என்ன செய்கிறோம் என்று தெரிந்து செய்தது. நாம் தெரியாமல் செய்து தப்பித்தோம். இதற்குள் ரசவடை தீர்ந்துபோய்விட்டது, பேச்சு அந்தப் பக்கம் போய்விட்டது.

எங்களை உண்மையில் காப்பாற்றினது யார் என்று என்னைக் கேட்டால், லெஃப்ட் விங் ஆடின காலேஜ் பையனைச் சொல்வேன். கோல் வாங்கின பிறகு அவனாகவே பின்னால் இறங்கினான். யாரும் சொல்லவில்லை. லெஃப்ட் பேக் உள்ளே நகர, இவன் ஓரத்தைப் பிடித்துக்கொண்டான், பின்னால் அஞ்சு பேர் ஆகிவிட்டது, அதற்குப் பிறகு அவர்களுடைய ரைட் விங் பையனுக்கு ஓட இடமே இல்லை. எழுபது நிமிஷத்தில் ஒரு ஷாட் அடிக்கவில்லை, அதனால் ராத்திரி அவன் பெயரை யாரும் எடுக்கவில்லை. அவன் அம்மா மட்டும் மீன் வாங்க வந்த இடத்தில் கோச்சைப் பிடித்து, "எம் பிள்ளைய எதுக்குப் பின்னால கொண்டு நிறுத்தினீங்க" என்று கேட்டிருக்கிறார்.

அவருக்குச் சொல்ல ஒரு கதை இருக்கிறது. எங்கள் கடற்கரைப் பிள்ளை மைக்கேல் சூசைராஜ் இடது விங்கில் பறந்துகொண்டிருந்தவர், 2019-20 ஐஎஸ்எல் சீசனில் கொல்கத்தா டீம் ஏடிகே-யின் கோச் ஹபாஸ் அவரை 3-5-2-ல், அதாவது பின்னால் மூன்று, நடுவில் ஐந்து, முன்னால் இரண்டு பேர் நிற்கிற ஆட்டத்தில், விங் பேக்காக இறக்கினார். ஓரம் முழுக்க மேலும் கீழும் ஓடுகிற வேலை. அந்த வருஷம் கோப்பை அவர்களுக்குத்தான். ஃபைனலில் தோற்றது நான் உயிரை விடுகிற சென்னையின் எஃப்சி, 3-1, அதனால் இந்தக் கதையைச் சொல்லும்போது எனக்குப் பெருமையும் வயிற்றெரிச்சலும் சேர்ந்தே வரும். அதே சீசனில் கொச்சியில் போய் கேரளா பிளாஸ்டர்ஸை 6-3 அடித்தோம் என்பதை மட்டும் அத்தானுக்கு மாதம் ஒருமுறை ஞாபகப்படுத்துவேன்.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். நான் இவ்வளவு தைரியமாகச் சொல்வதற்குக் காரணம் எங்கள் அப்பாவின் சித்தப்பா. எண்பது தாண்டிவிட்டது, பந்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, மேட்ச் நடக்கும்போதெல்லாம் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் உட்கார்ந்திருப்பார், பந்து கடலுக்குள் போனால் மட்டும் சிரிப்பார். இடைவேளையில் சாயா கொண்டு போய்க் கொடுத்தேன். எதற்காகவோ கேட்டார், இந்தப் பிள்ளைகள் ஏன் இந்த மூலைக்கு மாறுகிறார்கள் என்று. காற்றுக்காகத் தாத்தா, இனிமேல் காற்று நம் பக்கம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

"அந்திக்கு ஏதுலே காத்து? அஞ்சு மணிக்கு மேல கடக்காத்து விழுந்துரும்லா. பாய் விரிச்சு வந்த காலத்துல அதுக்கு முன்ன கரை பிடிக்கலேன்னா துடுப்பு போட்டே கை செத்துரும்."

எஞ்சின் வருவதற்கு முந்தைய கட்டுமரக் காலம். வெளுப்புக்கு முன்னால் கரைக்காற்றில் பாய் விரித்து வெளியே போவார்கள், மத்தியானத்துக்கு மேல் கடல்காற்றைப் பிடித்துத் திரும்புவார்கள். வெயிலில் கரை சூடாகி அங்கே காற்று மேலே எழும்ப, கடலிலிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது, வெயில் தாழ்ந்தால் அதுவும் தாழும். பள்ளிக்கூடத்தில் படம் போட்டுப் பாகங்களைக் குறித்து ஐந்து மார்க் வாங்கினேன். மைதானத்தில் நிற்கும்போது எனக்கு அது ஞாபகம் வரவில்லை. கேப்டனுக்கும் வரவில்லை, அவன் ஜிபிஎஸ் வைத்த போட்டில் லட்சத்தீவு தாண்டிப் போய்வருகிறவன், சுறா எங்கே நிற்கும் என்று தெரியும், அவன் போட்டுக்கு எந்தக் காற்றில் கரைக்கு வந்தாலும் ஒன்றுதான்.

இன்றைக்குச் சாயங்காலம் அவனை மைதானத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நேற்று ராத்திரி கத்தினதுக்கு மன்னிப்புக் கேட்கிற சாக்கில். நாலே முக்காலுக்கு நடு வட்டத்தில் நின்று ஒரு கை காய்ந்த மணலை எடுத்துத் தலை உயரத்திலிருந்து விடச் சொன்னேன். விட்டான். மணல் சாய்ந்து பறந்து ரோட்டுப் பக்கம் நாலடி தள்ளி விழுந்தது. அப்புறம் உட்கார்ந்து வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தோம், அவன் அடுத்து எப்போது கடலுக்குப் போகிறான், போட்டுக்கு டீசல் என்ன ஆகிறது, இப்படி. அஞ்சரைக்கு மறுபடி எழுந்து ஒரு கை மணல் எடுத்தான். இந்தத் தடவை நான் சொல்லவில்லை. விட்டான், நேராக அவன் கால் விரல்மேல் விழுந்தது. காலை உதறாமல் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை செமி ஃபைனல், இதே மைதானம், இதே நேரம்.

"சரிலே மக்கா, முதல்லயே காத்தை வாங்கிருவோம்" என்றான். வண்டியைக் கிளப்பப் போனவன் திரும்பி வந்து கேட்டான், "டாஸ் தோத்துட்டா?"

அதற்கு நான் எதுவும் யோசித்து வைத்திருக்கவில்லை.