“யார் மேல கோபம்?”: உளவியல் வரலாற்றுத் தாளுக்கு நான் படித்த விதம்

உளவியலின் வரலாறும் அணுகுமுறைகளும் என்ற தாளின் முதல் உள்தேர்வில் நான் தேறவில்லை. அதற்குப் படிக்காததைக் காரணமாகச் சொல்ல முடியாது. ஆண்டுகளையும் பெயர்களையும் பெரிய தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி, காலையும் மாலையும் ஒப்பித்தேன். 1879, லைப்சிக், வில்ஹெல்ம் வுன்ட், ஆய்வகம். 1890, வில்லியம் ஜேம்ஸ். 1913, ஜான் வாட்சன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லியிருப்பேன். ஆனால் “அமைப்பியலையும் செயற்பாட்டியலையும் ஒப்பிடுக” என்று கேள்வி வந்ததும் கை ஓடவில்லை. ஒப்பிட என்னிடம் என்ன இருந்தது? இரண்டு பெயர்கள், இரண்டு ஆண்டுகள்.

என் அறைத்தோழி படித்தது இயற்பியல். நான் ஒப்பிப்பதைக் கேட்டுக் கேட்டு அவளுக்கே பாதி மனப்பாடம் ஆகிவிட்டது. ஒருநாள் இடைமறித்தாள்: “எல்லாம் சரிடி. இந்த வாட்சனுக்கு யார் மேல கோபம்?”

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் பாடம் எனக்குத் திறந்தது.

வாட்சனின் கோபம் அகநோக்கின் மேல், அதாவது தன் மனதில் நடப்பதைத் தானே கவனித்துச் சொல்லும் முறையின் மேல். அனுபவத்தை அடிப்படைக் கூறுகளாகப் பிரித்துப் பார்ப்பது அமைப்பியல்; அதை முன்னெடுத்த எட்வர்ட் டிச்சனரின் ஆய்வகத்தில், இப்படிக் கவனித்துச் சொல்லும் நோக்குநர்களுக்குக் கடுமையான பயிற்சி உண்டு. ஓர் ஆப்பிளைப் பார்த்து “ஆப்பிள்” என்று சொல்லக் கூடாது. நிறம், ஒளிர்வு, வடிவம் என்று அனுபவத்தை மட்டுமே விவரிக்க வேண்டும். பொருளின் பெயரைச் சொல்லிவிட்டால் அதற்குத் தூண்டல் பிழை என்று பெயர். சரி, பயிற்சி பெற்ற இருவர் இரண்டு விதமாகச் சொன்னால் யார் சொன்னது சரியென்று எப்படி முடிவு செய்வது? வெளியிலிருந்து சோதிக்க வழியே இல்லை. அதனால்தான் 1913இல் வாட்சன், உளவியல் நடத்தையை மட்டும் ஆராயட்டும் என்றார். இது புரிந்தபின் அந்த ஆண்டை நான் மனப்பாடம் செய்யவே தேவைப்படவில்லை.

அதே டிச்சனர் மேல், அனுபவத்தை முழுமையாகவே பார்க்க வேண்டும் என்ற கெஸ்டால்ட்காரர்களுக்கும் கோபம், ஆனால் காரணம் வேறு. 1912இல் மாக்ஸ் வெர்த்தைமர் காட்டியது இது: இரண்டு கோடுகளைத் தகுந்த இடைவெளியில் மாறி மாறிக் காட்டினால், ஒரே கோடு நகர்வதாகத் தெரியும். அந்த அசைவு முதல் கோட்டிலும் இல்லை, இரண்டாவதிலும் இல்லை. அப்படியானால் அனுபவத்தைத் துண்டுகளாக்கி என்ன பயன்? வாட்சன் மனதையே ஒதுக்கினார், வெர்த்தைமர் மனதை உடைப்பதை மட்டும் மறுத்தார். எதிரி ஒன்று, வழக்கு இரண்டு. ஒப்பிடுக என்று கேட்டால் எழுத வேண்டியது இதைத்தான்.

ஜேம்ஸும் மனதைத் துண்டுபோட மறுத்தவர். அது ஓடிக்கொண்டே இருக்கும் ஒன்று, எதற்குப் பயன்படுகிறது என்று கேளுங்கள் என்றார். செயற்பாட்டியலின் வேர் இந்தக் கேள்விதான். சிறுகதை விமர்சனங்களில் ‘நனவோடை’ என்று படித்துப் பழகிய சொல்லின் பின்னால் இருப்பவர் இவர்தான் என்று தெரிந்த அன்று எனக்கு அப்படியொரு மகிழ்ச்சி.

வுன்ட் விஷயத்தில் மட்டும் என் குறிப்புகளையே திருத்த வேண்டியிருந்தது. டிச்சனர் அவருடைய மாணவர் என்பதால் இருவரையும் ஒரே பெட்டியில் போட்டிருந்தேன். வுன்ட்டோ மொழி, தொன்மம், வழக்கம் போன்றவற்றை ஆய்வகச் சோதனையால் மட்டும் பிடிக்க முடியாது என்று கருதி, அவற்றைப் பற்றித் தனியாகப் பத்துத் தொகுதிகள் எழுதியவர். அவரை அமைப்பியல்வாதி என்று ஒரு வரியில் முடிப்பது அநியாயம்.

ஃபிராய்ட் இந்தக் கோப வரிசையில் அடங்கவில்லை. அவர் புறப்பட்ட இடம் நோயாளிகள், உளவியல் ஆய்வகம் அல்ல. வலிந்து பொருத்தாமல் அவரைத் தனியாகவே படித்தேன். மனிதநேய உளவியலின் மாஸ்லோவும் ரோஜர்ஸும் எளிது: ஃபிராய்டின் உளப்பகுப்பாய்வு, வாட்சனின் நடத்தையியல் இரண்டின் மேலும் மனக்குறை, அதனால் ‘மூன்றாம் விசை’. நினைவு, மொழி, சிந்தனை போன்ற மனச்செயல்களை ஆராயும் அறிதல்சார் உளவியலுக்கு 1959ஐப் பிடித்துக்கொண்டேன். மொழியை நடத்தையாக விளக்கிய நடத்தையியலாளர் ஸ்கின்னரின் 1957 நூலுக்கு நோம் சாம்ஸ்கி எழுதிய கடுமையான மதிப்புரையின் ஆண்டு அது.

படித்தது நிற்பதற்கு, மறதியை ஆராய்ந்த எபிங்ஹாஸ்தான் துணை. பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தன்னையே சோதித்து, முடிவுகளை 1885இல் வெளியிட்டவர். ஒரு நாள் கழித்து 34 விழுக்காடு என்ற எண்ணை, மிஞ்சிய நினைவு என்று நான் தவறாக எழுதி வைத்திருந்தேன். அது மறுபடி கற்கும்போது மிச்சமாகும் உழைப்பின் அளவு. முதல் நாளில்தான் சரிவு அதிகம், பிறகு மெதுவாகிறது. எனவே படித்த மறுநாளே புத்தகத்தை மூடி வைத்துத் தோழியிடம் சொல்லிப் பார்ப்பேன். பிறகு மூன்று நாள், பிறகு ஒரு வாரம். நான் திணறும் இடத்தில் அவள் “யார் மேல?” என்பாள்.

இறுதித் தேர்வில் செயற்பாட்டியல் பற்றிய நீண்ட கேள்வி வந்தது. ஜேம்ஸைப் பற்றி எழுதும்போது, அவரிடம் படித்த மேரி கால்கின்ஸையும் சேர்த்தேன். முனைவர் பட்டத்துக்கான எல்லாவற்றையும் முடித்தும், பெண் என்பதால் ஹார்வர்ட் அவருக்குப் பட்டம் தரவில்லை. 1905இல் அமெரிக்க உளவியல் சங்கத்தின் தலைவரானார். கேள்வி அவரைக் கேட்கவில்லை. அந்தப் பத்திக்கு மதிப்பெண் கிடைத்ததா என்றும் தெரியாது. ஆனால் அந்தத் தாளில் நான் அதிக அக்கறையோடு எழுதியது அதுதான்.